சாயப் பானையோடு வந்த அம்மாவுக்கும் உங்கள் எல்லோருக்கும்

கொல்செஸ்டர் தமிழ்க் குடும்பங்களுக்கும், நான்காம் வகுப்புப் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

ரோமரைப் பற்றியும், ரோமர் வருமுன்பே பிரிட்டனில் வாழ்ந்த கெல்ட்டியரைப் பற்றியும் பிள்ளைகள் கையால் செய்து பார்த்துப் படிக்கும் ரோமர் – கெல்ட்டியர் நாள் நேற்று நல்லபடியாக நடந்து முடிந்தது. என் நகத்தில் நீலம் இன்னும் போகவில்லை. பள்ளிக் கூடத்துக்குள் தண்ணீர் புகுந்த கதையை நான் திரும்பச் சொல்ல வேண்டாம், வாளியோடு வந்து நின்றவர்களே நீங்கள்தான். இந்த நாளைத் தள்ளிப் போடலாம் என்று பேச்சு வந்தபோது ஒருவர்கூட அதற்குச் சம்மதிக்கவில்லையே, அதை மறக்க மாட்டேன்.

பழைய படுக்கை விரிப்புகளை அங்கிகளாகத் தைத்த அக்காமார், அட்டை வெட்டிப் புதுக் கேடயங்கள் செய்த அண்ணன்மார், மொசைக் வேலைக்கு ஓட்டுச் சில்லுகளின் கூர்முனையை உட்கார்ந்து தேய்த்துக் கொடுத்தவர்கள், சமையலறையில் நின்ற அம்மாக்கள், எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பேரீச்சம்பழம் அனுப்பிய கடைக்கார அண்ணனுக்கும்தான். கி.பி. 60–61 வாக்கில் ரோமரை எதிர்த்து எழுந்த கெல்ட்டிய அரசி பூடிக்காவின் படை இந்த ஊரைக் கொளுத்தியதில் கருகிய பேரீச்சம்பழங்கள் இதே மண்ணுக்கடியில் கிடைத்திருக்கின்றன. பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதைக் கேட்ட பிள்ளைகள் கொஞ்ச நேரம் வாயில் போடவே இல்லை.

இனி, பள்ளிக்குப் பின்வீட்டு அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு ஆங்கிலத்தில் தனியாக எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனாலும் அவர் செய்ததை உங்களுக்குத் தமிழில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வேலிக்கு அப்பால் இருந்து கையசைப்பதைத் தவிர எங்களுக்குள் பழக்கமே இல்லை. நாங்கள் யாரும் அவரிடம் எதுவும் கேட்கவும் இல்லை. நேற்றுக் காலை தள்ளுவண்டியில் ஒரு பெரிய பானையைக் கம்பளி சுற்றி, சூடு ஆறாமல் தள்ளிக்கொண்டு வந்தார். தன் தோட்டத்தில் கோடை முழுக்க வளர்த்த வோட் (woad) என்ற செடியின் இலையில் எடுத்த நீலச் சாயம். தன் நூலுக்காக வைத்திருந்ததை அப்படியே பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார்.

வோட் இலைக்கும் நம் ஊர் அவுரிக்கும் குடும்பம் வேறு, ஆனால் இரண்டிலும் கிடைப்பது ஒரே நீலம். அவுரியில் அது அதிகம், வோட்டில் குறைவு. அதனால் கை நிறைய இலை பறித்தால்தான் கொஞ்சம் சாயம் கிடைக்கும். அவர் எவ்வளவு கொடுத்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பிள்ளைகள் கையுறை போட்டுக்கொண்டு வெள்ளைக் கம்பளி நூலைக் குமிழி எழாமல் மெல்ல முக்கினார்கள். வெளியே எடுத்தால் நீலம் இல்லை, மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு நிறம். "கெட்டுப்போச்சு மிஸ்" என்று ஒரு குரல். அந்த அம்மா, பேசாமல் பாருங்கள் என்று விரலைக் காட்டினார். காற்றுப் பட்ட இடமெல்லாம் நூல் கண் முன்னாலேயே நீலமாக மாறியது. அப்புறம் எழுந்த கூச்சல் தெருமுனை வரை கேட்டிருக்கும்.

இந்தப் பாடத்தில் ரோமர் பக்கம்தான் கைவேலை எப்போதும் நிறைய. சாலை, மொசைக், கேடயங்களைத் தலைக்கு மேல் கோத்துக்கொண்டு ஆமை போல நகரும் அணிவகுப்பு. கெல்ட்டியர் என்றால் முகத்தில் நீலம் பூசிக் கத்துவதோடு சரி. அந்த நீலமும் ரோமத் தளபதி சீசர் எழுதி வைத்த வரியில் இருந்து வந்தது, அது வோட்தானா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அக்காலப் பிரிட்டனின் கெல்ட்டியர் தங்கள் கதையை எழுதி வைக்கவில்லை. அவர்களோடு போரிட்ட ரோமர் தரப்பு எழுதியதைத்தான் நாம் படிக்கிறோம். எழுத்து இல்லாத மக்கள் என்றதும் பிள்ளைகள் மனத்தில் திறமையும் இல்லாதவர்கள் என்று பதிந்துவிடுகிறது. அதை என்னால் பொறுக்க முடிவதில்லை.

நேற்று ஒரு சிறுமி கேட்டாள்: "எழுதி வைக்காமல் இதை எப்படி ஞாபகம் வைத்திருந்தார்கள்?" அந்த அம்மா அவள் கையைப் பிடித்து இன்னொரு நூலைப் பானைக்குள் இறக்கினார். "இப்படித்தான். இப்போது உனக்குத் தெரியும் இல்லையா?" என்றார். காலையில் ரோமர் அணிக்கு அடித்துக்கொண்டவர்களில் பாதிப்பேர் மதியம் கெல்ட்டியர் பக்கம் வந்து நின்றார்கள். எத்தனையோ பாடக்குறிப்புகள் எழுதியிருக்கிறேன். அவற்றில் எதுவும் இதைச் செய்ததில்லை.

போகும்போது ஓர் உறை நிறைய வோட் விதை கொடுத்துவிட்டுப் போனார். வரும் வசந்தத்தில் பள்ளித் தோட்டத்தில் விதைக்கப் போகிறோம். கோடையில் வரும் இலையில் முதல் பானை அவருக்குத்தான், அவர் நூல் முழுக்கச் சாயம் ஏறும்வரை. இது என் வாக்கு. அடுத்த ஆண்டு வகுப்புக்கு அதற்குப் பிறகு. ஏப்ரலில் பாத்தி கிளற ஆள் வேண்டும். வர முடிகிறவர்கள் இப்போதே எனக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

மிக்க அன்புடனும் நன்றியுடனும்,
நான்காம் வகுப்பு ஆசிரியை