மகளுக்கு, கல்யாணக் கார் ஓட்டப் போகும் முன்

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பு மகள்,

நேற்று இரவு நீ போனில் கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. லைன் விட்டுவிட்டு வந்தது, பக்கத்தில் அம்மாவும் கதைத்துக்கொண்டிருந்தாள். அதுதான் ஆறுதலாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் சிநேகிதியின் கல்யாணத்துக்கு உன் காரைக் கேட்டிருக்கிறார்கள். கார் புதிது, கடன் இன்னும் முடியவில்லை, எப்படிக் கொடுப்பது என்று யோசிக்கிறாய். கொடு மகள். ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டு நீ விருந்தாளியாகப் போய் உட்காராதே. நீயே ஓட்டு.

நம் மொரிஸ் மைனர் காரை 1991இல் உவர்மலையில் ஓய்வுபெற்ற ஒரு ஐயாவிடம் வாங்கினேன். நாலு கதவு இருந்ததால்தான் எல்லோரும் அதைக் கேட்டு வந்தார்கள். இரண்டு கதவுக் காரில் கூறைச் சேலையோடு பின் சீட்டுக்குப் போவது பொம்பிளைக்குப் பெரும் பாடு. எத்தனை கல்யாணத்துக்கு ஓடியது என்று எண்ணி வைக்கவில்லை. ஒரு சதம் வாங்கியதில்லை. பெற்றோலுக்கென்று நீட்டினாலும் வாங்க மாட்டேன். சிநேகிதம் ஒரு காரணம். இன்னொன்று, காசு வாங்கி ஆள் ஏற்றினால் அது வாடகை ஓட்டம் ஆகிவிடும். சொந்தப் பாவனைக்கென்று எடுத்த காப்புறுதி அதற்குக் கைகொடுக்காது. மெல்பேர்னில் உன் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எடுத்து வாசித்துப் பார்.

1997இல் ஆலங்கேணிக்குப் போன கதையை உனக்கு நான் முழுதாகச் சொன்னதில்லை. நீ அப்போது கைக்குழந்தை. மாப்பிள்ளை என்னோடு வேலை பார்த்தவர், பொம்பிளை ஆலங்கேணி. கிண்ணியாப் பாலம் வந்தது 2009இல்தானே; அந்த நாளில் துறையடியில் காரைப் பாதையில், அதுதான் வாகனம் ஏற்றும் மிதவையில், ஏற்றித்தான் போய் வர வேண்டும். காலையில் தாலி கட்டி, பந்தி முடிந்து, கால்மாறி மாப்பிள்ளை வீட்டுக்குப் புறப்படும்போது நாலு மணி தாண்டிவிட்டது. யுத்த காலம், இருட்டுமுன் டவுனுக்கு வந்துவிட வேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம்.

வழியில் சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். கூறைச் சேலையும் கழுத்தில் மாலையுமாக அந்தப் பிள்ளை இறங்கி, வரிசையில் நின்று, நடந்து போய், அந்தப் பக்கத்தில் மறுபடி காரில் ஏறினாள். மாப்பிள்ளை தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். காருக்குள் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பாதையில் வாகனம் ஏறும்போது ஆட்கள் இறங்கித்தான் ஏற வேண்டும். பாதைக்காரர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "அந்தப் பிள்ளை இருக்கட்டும்" என்றார். நான் கியரில் போட்டு, ஹான்ட்பிரேக்கை இழுத்து, பின் சில்லுக்குக் கட்டை வைத்துவிட்டு ஸ்டியரிங்கில் வந்து இருந்தேன். நடுத் தண்ணீருக்கு வந்தபோது பின்னால் பார்ப்பதற்கென்று முன்னால் தொங்கும் சின்னக் கண்ணாடியில் தற்செயலாகக் கண் போனது. அவள் திரும்பி, பின் கண்ணாடி வழியே கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, துடைக்கவில்லை. மாப்பிள்ளை தன் சால்வையின் நுனியை எடுத்து, அவளிடம் கொடுப்பதா தானே துடைத்து விடுவதா என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். நான் கையை நீட்டி அந்தக் கண்ணாடியைக் கூரைப் பக்கம் திருப்பிவிட்டேன். அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்திலும் பொம்பிளை ஏறியதும் முதல் வேலை எனக்கு அதுதான். பக்கக் கண்ணாடிகளைப் பார்த்தே ஓட்டிப் பழகிவிட்டேன்.

அன்றைக்கு முழுக்க அவர்கள் இரண்டு பேரும் தனியே இருப்பது காருக்குள் மட்டும்தான் மகள். அந்த நேரத்தில் ஸ்டியரிங்கில் இருப்பவர் அவர்களுக்கு வேண்டியவராக இருக்க வேண்டும். பாட்டுப் போடாதே. அவர்களாகக் கதைத்தால் கதை. அழுதால் கொஞ்சம் மெதுவாக ஓட்டு.

அப்புறம் கார் விஷயம். மொரிஸின் பொனட்டில் உள்ளங்கை அளவுக்கு வெளிறிப்போன இடம் இருக்கிறதே, சின்னதில் நீ விரலால் தடவுவாய், அது ஒரு சோடனைக்காரப் பெடியன் அகலமான டேப் ஒட்டியதால் வந்தது. பகல் முழுக்க வெயிலில் நின்றது. இழுத்தபோது பெயின்ற்றும் சேர்ந்து வந்துவிட்டது. எனக்கு அன்று இரவு நித்திரை வரவில்லை. ரிபனைக் கட்டச் சொல், ஒட்ட விடாதே. இலக்கத் தகட்டையும் லைட்டுகளையும் பூ மறைக்கக் கூடாது. மேளத்துக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போது எஞ்சின் சூட்டைப் பார்த்துக்கொள். மொரிஸின் விசிறி எஞ்சினோடு பெல்ட்டில் சுற்றுவது. எஞ்சின் மெதுவாக ஓடினால் விசிறியும் மெதுவாகத்தான் ஓடும், தண்ணீர் கொதித்துவிடும். பத்திரகாளி அம்மன் கோயிலடியில் ஒரு முறை அப்படிக் கொதித்து, மாப்பிள்ளை மிச்சத் தூரத்தை நடந்தே போனார். உன் காரின் விசிறி கரண்டில் ஓடுவது, அவ்வளவு பயமில்லை. என்றாலும் பார்.

தலைப்பாகையோடு ஏறும்போது மாப்பிள்ளையை நன்றாகக் குனியச் சொல். பொம்பிளையின் பக்கக் கதவை வேறு யாரையும் சாத்த விடாதே. நீ இறங்கிப் போய், குனிந்து, சேலைக் கரை முழுக்க உள்ளே இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்துவிட்டுச் சாத்து. நீயும் சேலைதான் உடுப்பாய். கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொள், தட்டைச் செருப்புப் போட்டு ஓட்டு. முதல் நாள் இரவே பெற்றோல் அடித்து வை. காலையில் நீயும் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போ. கார்க்காரருக்குப் பந்தி கடைசியில்தான் கிடைக்கும்.

கல்யாணம் முடிந்து கோணேசர் கோயிலுக்குப் போகும்போது கோட்டைக்குள் மான்கள் வந்து பொனட்டில் இருந்த மல்லிகையை முகர்ந்து பார்க்கும். நான் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன். பொம்பிளை அன்று முதன்முறை சிரிப்பதை அந்த இடத்தில் பல தடவை கேட்டிருக்கிறேன். உனக்கு அங்கே மான் கிடைக்காது. போகிற வழியில் கடற்கரை இருந்தால் இரண்டு நிமிடம் நிறுத்து.

பின் சீட்டில் விரிக்க அம்மா கரையில் பூ வேலை செய்த வெள்ளைத் துணி உனக்கு ஞாபகம் இருக்கும். வாழ்த்தித் தூவும் அறுகரிசியின் மஞ்சள் சீட்டில் பட்டால் போகாது, அதற்காகத்தான் அது. அம்மா இன்று துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள். ஒரு மூலையில் பழைய மஞ்சள் கறை இருக்கிறது, எத்தனை தரம் துவைத்தும் போகவில்லை. அடுத்த மாதம் அங்கே வருபவர் ஒருவரிடம் கொடுத்துவிடுகிறேன். உன் காரின் பின் சீட்டு எத்தனை அடி என்று அளந்து சொல். காணாவிட்டால் அம்மா இரண்டு பக்கமும் துண்டு வைத்துத் தைத்துத் தருவாளாம்.

அன்புடன்
அப்பா