பட்டாளத்துக்குப் போனவர்களின் பெயர்களைத் தேடித் தந்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் ஊர்ச் சாவடிச் சுவரில் ஒரு கல் பதித்திருக்கிறது. 1914 முதல் 1919 வரை நடந்த பெரும் போருக்கு (முதல் உலகப் போர்) இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்று ஆங்கிலத்தில் வெட்டியிருக்கும். ஒரு பெயர்கூடக் கிடையாது. இந்த மாதிரிக் கல் நாட்டில் வேறு பல ஊர்களிலும் உண்டு. அப்படிப் போனவர்களில் பாதிப் பேருக்காவது இப்போது பெயர் கிடைத்திருக்கிறது என்றால் அது உங்களால்தான். தங்கள் பெயரைப் போட வேண்டாம் என்று பலரும் சொல்லிவிட்டீர்கள். சரி, அவரவர் செய்த வேலையையாவது ஊரறியச் சொல்லிவிடுகிறேன்.

முதல் நன்றி ஓய்வுபெற்ற சுபேதார் ஐயாவுக்கு. நாங்கள் 'மதராஸ் சாப்பர்ஸ்' (பாலம் போடுவது, மண் வெட்டுவது போன்ற வேலைகளைச் செய்யும் பட்டாளம்; அதன் வீரர்தான் சாப்பர்) என்ற பெயரைப் போட்டுப் பழைய அட்டவணைகளில் தேடித் தேடி ஓய்ந்திருந்த நேரம் அது. "தம்பி, அந்தப் போர் நடந்தபோது அந்தப் பட்டாளத்தின் பெயரில் மதராஸ் என்ற சொல்லே கிடையாது" என்றார். உண்மைதான். அப்போது அது '2ஆவது குயின் விக்டோரியாஸ் ஓன் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்'. 'மதராஸ்' திரும்பப் பெயரில் ஏறியது 1923இல். அந்த ஒரு வார்த்தை தெரிந்த பிறகுதான் அட்டவணைகள் எங்களுக்குத் திறந்தன. 1780இல் தொடங்கிய பட்டாளம், பெங்களூரில் தலைமையகம், இன்றும் அதன் வீரர்களுக்கு 'தம்பி' என்றுதான் பட்டப்பெயர். அதனால் அவர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டது வயதை வைத்தா, பட்டாள வழக்கமா என்று இன்னும் எனக்குச் சந்தேகம்!

அடுத்து, கீழத்தெரு அத்தைக்கு. அவர் வீட்டு டிரங்குப் பெட்டியில், கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியில், ஒரு வெள்ளிப் பதக்கம் இருந்தது. ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜின் தலை, மறுபக்கம் குதிரைமேல் ஒரு வீரன். பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். வெள்ளி என்பதாலேயே இந்தப் பதக்கங்களில் எத்தனையோ உருக்குக்குப் போய்விட்டன. அத்தை வீட்டிலும் கஷ்டம் வராமல் இல்லை, ஆனால் அதை மட்டும் விற்கவில்லை. நாங்கள் ராஜாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். நாணயம் சேகரிக்கும் நண்பர் அதை வாங்கி, பக்கவாட்டில் திருப்பி, பூதக்கண்ணாடியை வைத்தார். விளிம்பின் கனத்தில் பொடி எழுத்தில் எண், பதவி, பெயர், பட்டாளம், நான்கும் அடித்திருந்தன. பட்டா, கோயில் கணக்கு எதிலும் இடமில்லாத சேரிக் குடும்பத்து மனிதர் அவர். அவர் பெயரைப் பொறித்து வைத்திருந்த ஒரே இடம் அந்த விளிம்புதான்.

போரில் இறந்தவர்களைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவுகளில் தேடிக் கொடுத்த கல்லூரி மாணவிகளுக்கு என்ன சொல்வது? முனுசாமி என்ற ஒரே பெயரை முனிசாமி, மூனுசாமி, முனுஸ்வாமி என்று எழுத்தருக்குத் தோன்றியபடியெல்லாம் எழுதியிருக்கிறார்கள். எல்லா எழுத்தையும் போட்டுப் பார்த்து, தகப்பன் பெயரும் ஊரும் தாலுகாவும் குறித்திருக்கும் பதிவுகளைத் தனியே எடுத்து, எங்கள் ஊர்க் குடும்பங்களோடு பொருத்தினார்கள். ஈராக்கில் உள்ள பாஸ்ரா நினைவுச் சின்னம் 40,000 பேருக்கு மேல் நினைவுகூர்கிறது. அங்கே பிரிட்டிஷ் சிப்பாய்க்குப் பெயர் உண்டு, இந்திய அதிகாரிக்கும் உண்டு. இந்தியச் சிப்பாய்க்கு அவன் பட்டாளத்தின் பெயருக்குக் கீழே வெறும் எண்ணிக்கைதான். எங்கள் ஊர்க் கல்லைப் பார்த்து அங்கே செய்தார்களா, அங்கே பார்த்து இங்கே செய்தார்களா!

பட்டாளத்துக்குள் அவரவர் இருந்த பிரிவின், அதாவது கம்பெனியின், எண் தெரிந்த பிறகு வேலை லண்டனுக்குப் போனது. அங்கே கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில், படைப்பிரிவுகள் போர்க்காலத்தில் எழுதிவைத்த போர் நாட்குறிப்புகள் இருக்கின்றன. லண்டனில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளை ஒருவர் விடுமுறை நாட்களை அதற்கே செலவழித்து 12, 13ஆவது கம்பெனிகளின் தாள்களைப் படம் பிடித்து அனுப்பினார். இடம், தேதி, நேரம், நடந்தது என்று கட்டம் போட்ட படிவம். பல தாள்களில் பென்சில் எழுத்து. இந்த இரண்டு கம்பெனிகளும் மெசபடோமியாவில் (இன்றைய ஈராக்) 14ஆவது இந்திய டிவிஷன் என்ற பெரும் படைப்பிரிவோடு இருந்தவை. 23 பிப்ரவரி 1917 அன்று ஷும்ரான் வளைவில் குண்டுமழைக்கு நடுவே டைகிரிஸ் ஆற்றைக் கடந்தபோது, துருப்புகளைப் படகில் ஏற்றித் துடுப்புப் போட்டவர்களில் இவர்களும் உண்டு. அன்றைக்கே ஆற்றில் மிதவைப் பாலமும் போட்டார்கள். மார்ச் 11இல் பாக்தாத் பிடிபட்டது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நாட்குறிப்பில் நம் ஆள் பெயரைத் தேடினால் அநேகமாகக் கிடைக்காது. அதிகாரி காய்ச்சலில் படுத்தால் பெயர் வரும். சாப்பர் அடிபட்டால் 'ஒரு சாப்பர்' என்று முடிந்துவிடும். ஆனாலும் ஓர் ஆள் எந்தக் கம்பெனி, எந்த மாதம் என்று தெரிந்தால் அவர் எங்கே முகாம் போட்டார், எந்தக் கரையில் மண் வெட்டினார் என்பதை அந்தத் தாள்களிலிருந்து சொல்லிவிட முடிகிறது. பேரப்பிள்ளைகளுக்கு அதுவே பெரிது.

உயிரோடு திரும்பியவர்கள்தான் எங்களுக்குத் தண்ணி காட்டுகிறார்கள். இறந்தவருக்குப் பதிவு உண்டு, ஜமேதார் என்ற இந்திய அதிகாரிப் பதவிக்கு உயர்ந்தவருக்கு, அதிகாரிகளைப் பட்டியலிடும் 'இந்தியன் ஆர்மி லிஸ்ட்' புத்தகத்தில் ஒரு வரி உண்டு. சாப்பராகவே போய் சாப்பராகவே வந்து ஏர் பிடித்தவருக்குப் பதக்கத்தை விட்டால் வேறு சாட்சி கிடைப்பது அபூர்வம்.

அதனால் நன்றியோடு ஒரு வேண்டுகோளும். வீட்டில் பதக்கம் இருந்தால் எங்களிடம் தர வேண்டாம், விளிம்பைச் சுற்றிலும் நாலைந்து படம் எடுத்து அனுப்பினால் போதும். அப்புறம், தயவுசெய்து பளபளப்புக்காகப் புளி, சாம்பல் போட்டுத் தேய்க்காதீர்கள். எழுத்து போய்விடும்.

நன்றியுடன்,
ஊர்ப் பெயர்த்தேடல் குழுவுக்காக,
சாப்பர் ஒருவரின் கொள்ளுப்பேரன்