விழுந்த குட்டிக்கு ஒரு பதில் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் திருப்பாலைக்குடியில் மீன் வியாபாரம் செய்பவள். விடியுமுன் கரையில் ஏலம் எடுத்து, ஐஸ் உடைத்துப் போட்டு, பஸ் ஏறி ஆர்.எஸ். மங்கலம் பக்கத்து ஊர்களில் தெருத்தெருவாக விற்கிறேன். வீட்டில் 22 வெள்ளாடுகள், எல்லாம் கொடி ஆடு. வெள்ளை உடம்பில் கறுப்புத் தெளித்திருந்தால் கரும்போரை, சிவப்புத் தெளித்திருந்தால் செம்போரை என்போம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் நின்றுவிட்டால் என் கூடை பாதிதான் நிரம்பும். பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்துச் செலவை இரண்டு கிடாக்குட்டிகளை விற்றுத்தான் சமாளிப்பேன். இந்தக் கரையில் என்னைப் போலப் பல வீடுகளில் ஆடுதான் சேமிப்பு. அந்த ஆடுகள் சினை கலைந்து குட்டி வீசினால், என்ன நோய் என்று கண்டறிய எங்களுக்கு வழியில்லாததைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

போன கார்த்திகையில், அடைமழை விட்ட ஒரு காலை, பட்டியைத் திறக்கப் போனேன். செம்போரை ஒன்று மூலையில் தனியாக நின்றது. அதன் காலடியில் குட்டி கிடந்தது. நான்கு மாதச் சினை, இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. குட்டிக்கு முதுகில் மட்டும் மயிர் வரத் தொடங்கியிருந்தது. குளம்பு நான்கும் மஞ்சள் மெழுகு போல மெத்தென்று இருந்தன. தாய் அதை நக்கி நக்கி எழுப்பப் பார்த்துக்கொண்டிருந்தது. நஞ்சுக்கொடி பாதி வெளியே தொங்கியது. வழக்கமாக அது ஈரத்துணி போல மெல்லிசாக வழுக்கும். இதுவோ பழைய தோல்செருப்பு மாதிரி தடித்து, அங்கங்கே பழுத்து, நாற்றம் அடித்தது. வெறுங்கையால் பிடித்து இழுத்து எடுத்தேன். எங்கள் அம்மா அப்படித்தான் எடுப்பார், நானும் அப்படித்தான் பழகியவள். மண்வெட்டி எடுக்கப் போய்வருவதற்குள் நாய் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டது.

அடுத்த மூன்று வாரத்தில் இன்னும் ஐந்து ஆடுகள் குட்டியை வீசின. ஏழாவது ஆடு நாள் முடிந்து ஈன்றது. ஆனால் அந்தக் குட்டி காம்பைப் பிடிக்கவே தெம்பில்லாமல் மறுநாள் செத்தது. சினையாக இருந்தவை 13. மிஞ்சியது ஆறு குட்டிகள்.

எங்கள் பக்கத்துக் கால்நடை மருத்துவர் வயதில் சின்னவர், தங்கமான பெண். வந்து பார்த்துவிட்டு, "அக்கா, குட்டி விழறதுக்கு ஒரு காரணம்னு இல்ல. கன்று வீச்சுக் கிருமியா இருக்கலாம், பூனைக் கழிவுல இருந்து வர்றதா இருக்கலாம், எலி மூத்திரத்துல இருந்து வர்றதா இருக்கலாம். ஆட்டுக்கொல்லி நோய் வந்தாக்கூட சினை கலையும். கண்ணால பாத்துச் சொல்ல முடியாது" என்றார். விழுந்த குட்டி, நஞ்சுக்கொடி, தாயின் ரத்தம் மூன்றும் வேண்டும். குட்டியின் இரைப்பையில் இருக்கும் நீரிலும் கொடியில் பொத்தான் பொத்தானாக இருக்கும் முடிச்சுகளிலும்தான் கிருமி அதிகம் இருக்குமாம். கெட்டுப்போகும் முன் ஐஸில் வைத்து ஆய்வகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். "அனுப்ப எங்ககிட்ட வண்டியும் இல்ல, ஆளும் இல்ல, ஐஸ் பெட்டியும் இல்லக்கா" என்று தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஐஸ்தானே ஐயா எங்கள் பிழைப்பு!

சரி, ரத்தமாவது எடுப்போம் என்று தை மாதம் ஐந்து ஆடுகளுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தக் குழாய்கள் எங்கே போயின, என்ன ஆயின என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இப்போது ஐப்பசி.

இதற்கு நடுவில் மாசி மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தது. சாயங்காலம் ஏறும், நடுராத்திரி பாயெல்லாம் நனைகிற அளவுக்கு வேர்த்து இறங்கும். நான்கு நாள் ஒன்றும் இருக்காது, மறுபடி வரும். இடுப்பு விட்டுப்போகும். மீன்கூடையைத் தலையில் தூக்கி வைக்க இன்னொருவர் வேண்டியிருந்தது. ஒரு மருத்துவமனையில் டைபாய்டு என்று ஊசி போட்டார்கள். இன்னொரு இடத்தில் காசநோயாக இருக்கலாம் என்று படம் எடுக்கச் சொன்னார்கள். இரண்டு மாதம், பதினெட்டாயிரம் ரூபாய். சித்திரையில் மதுரையில் ஒரு பெரிய டாக்டர் என் கையைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டே, "வீட்ல ஆடு மாடு இருக்காம்மா? எதுக்காவது குட்டி விழுந்துச்சா?" என்று கேட்டார். அதுவரை எந்த மருத்துவரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

ரத்தப் பரிசோதனை செய்த தம்பியிடம், எப்படிப் பார்ப்பீர்கள் என்று கேட்டேன். கூப்பிட்டுக் காட்டினார். ஒரு கண்ணாடித் தகட்டில் என் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீர் ஒரு சொட்டு. பக்கத்தில் ரோஜாப்பூ நிறத்தில் மருந்து ஒரு சொட்டு. ஒரு குச்சியால் இரண்டையும் கலந்து தகட்டை இப்படியும் அப்படியும் மெதுவாக ஆட்டினார். கொஞ்ச நேரத்தில் அந்த ரோஜா நீர், எலுமிச்சை பிழிந்த பால் மாதிரி குருணை குருணையாகத் திரிந்தது. நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. அப்புறம் உறுதிப்படுத்த வேறு பரிசோதனையும் செய்தார்கள். புருசெல்லா. ஆட்டுக்குக் குட்டி விழவைக்கிற அதே கிருமி. இரண்டு வகை மாத்திரை, ஆறு வாரம் ஒரு வேளை தவறாமல் சாப்பிட்டேன். இப்போது கூடையை நானே தூக்குகிறேன்.

அந்த ரோஜா நிறப் பரிசோதனை முதலில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் என்று வந்ததுதான் என்று டாக்டர் சொன்னார். விலை அதிகம் இல்லை, பெரிய இயந்திரமும் வேண்டாம். எனக்கு நான்கு நிமிடத்தில் கிடைத்த பதில் என் ஆடுகளுக்கு ஒன்பது மாதமாகக் கிடைக்கவில்லை. இதற்காகத்தான் இந்தக் கடிதம்.

பதில் தெரியாவிட்டால் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். குட்டி விழுந்த ஆட்டைப் பார்த்தவுடன் அக்கம்பக்கத்தில் சொல்லும் முதல் வார்த்தை, "சந்தையில தள்ளிவிடு." என் மாமியாரும் அதைத்தான் சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் கையில் வேறு வழி எதுவும் இருந்ததில்லை. ஆனால் குட்டி வீசிய ஆடு பார்க்க நன்றாகத்தான் இருக்கும். தின்னும், கொழுக்கும், அடுத்த முறை சினையும் பிடிக்கும். வாங்குகிறவருக்கு ஒன்றும் தெரியாது. அதன் பாலிலும் அது ஈனும்போது வடிகிற நீரிலும் கிருமி இருக்கும். இன்னொரு பட்டி, இன்னொரு வீடு, நெஞ்சுச் சளிக்கு நல்லது என்று ஆட்டுப்பாலைக் காய்ச்சாமல் வாங்கிக் குடிக்கிற இன்னொரு குழந்தை. நான் அந்த ஏழு ஆடுகளையும் விற்கவில்லை. எது நோயுள்ளது, எது இல்லாதது என்று தெரியாமல் ஏழையும் தனியாகக் கட்டித் தீனி போட்டுக்கொண்டிருக்கிறேன். கிடாய்க்கு விடவில்லை, பால் கறக்கவில்லை. எத்தனை பேரால் இப்படிக் கட்டிவைத்துத் தீனி போட முடியும்? நோய் என்று உறுதியானால் அந்த ஆட்டுக்கு ஏதாவது ஈடு கொடுத்து அரசாங்கமே எடுத்துக்கொள்ளட்டும். அது இல்லாமல் ஏழை வீட்டில் போய் விற்காதே என்று சொல்வதில் நியாயம் இல்லை.

என் மகள் கல்லூரியில் படிக்கிறாள். எனக்கு வந்த நோயைப் பற்றித் தேடிப் படித்துச் சொன்னாள். மால்டா என்று ஒரு தீவாம். அங்கே இருந்த ஆங்கிலேயச் சிப்பாய்கள் இதே காய்ச்சலில் விழுந்தார்கள். 1887-ல் டேவிட் புரூஸ் என்ற ராணுவ மருத்துவர் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமலே மேலும் 18 வருடம் போயிற்று. 1905-ல் அந்தத் தீவைச் சேர்ந்த சமிட் என்ற மருத்துவர் ஆட்டின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தார். ஒரு நோயும் இல்லாதது போல நின்ற ஆடுகளில் அது இருந்தது. ஆட்டுப்பாலை நிறுத்தியதும் சிப்பாய்களுக்குக் காய்ச்சல் குறைந்தது. ஆட்டைப் பார்க்காமல் மனிதனுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் என்ன ஆகும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதன்முதலாக 1987-ல் கண்டறியப்பட்டது நம் தமிழ்நாட்டில், இன்றைய விழுப்புரம் மாவட்டத்து அரசூரில். அந்த ஊர்ப் பட்டியில் செத்துக்கொண்டிருந்த செம்மறி ஆடுகளிடமிருந்து எடுத்த கிருமியை வைத்தே நம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் தடுப்பூசி செய்தார்கள். அதற்குப் பெயரே அரசூர் 87. யாரோ ஒருவர் அந்தச் செம்மறிகளிடம் மாதிரி எடுத்து, கெடாமல் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். அந்த ஊர்ப் பெயர் இன்று தடுப்பூசியில் இருக்கிறது. இதைக் கேட்டதிலிருந்து நாய் தூக்கிக்கொண்டு போன அந்தக் குட்டியை நினைத்து நினைத்து எனக்கு ஆறவில்லை.

2019-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் புருசெல்லாவுக்கு ஊசி போடுகிறார்கள். அது நான்கு மாதம் முதல் எட்டு மாதம் வரையுள்ள கிடாரிக் கன்றுகளுக்கு, பசுவுக்கும் எருமைக்கும். நல்ல காரியம். கன்று வைத்திருப்பவர்கள் தவறவிடக் கூடாது. ஆனால் வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் அதில் இடம் இல்லை. மனிதர்களுக்கு அதிகக் கடுமையாக வருவது ஆட்டிலிருந்து வரும் வகைதான் என்று மருத்துவர்களே சொல்கிறார்கள். ரெவ்-1 என்று ஆடுகளுக்கான தடுப்பூசி வெளிநாடுகளில் நெடுங்காலமாகப் பழக்கத்தில் இருக்கிறது. சினை ஆட்டுக்குப் போட்டால் அதுவே கருவைக் கலைத்துவிடலாம் என்பதால் எதற்கு, எப்போது போடுவது என்று பார்த்துத்தான் போட வேண்டுமாம். அதை முடிவு செய்வதற்கும் முதலில் எந்த ஊரில் எத்தனை ஆட்டுக்கு இருக்கிறது என்று தெரிய வேண்டுமே!

கால்நடைத் துறைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நான் வைக்கும் கோரிக்கை ஒன்றுதான். குட்டியோ கன்றோ விழுந்தால் அதன் மாதிரியை வாங்கிக்கொள்ள இந்தக் கரையில் ஓர் இடம் வேண்டும், அதன் முடிவு ஆட்டுக்காரர் கைக்கு எழுத்தில் வர வேண்டும். இராமநாதபுரத்திலேயே பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் இருக்கிறது. 1962-க்கு போன் செய்தால் கால்நடைக்கு வண்டி வருகிறது. ஐஸுக்கு எங்களிடம் பஞ்சம் இல்லை. தேவிபட்டினத்திலும் தொண்டியிலும் ராத்திரி ஏற்றுகிற நகரை மீனும் கணவாய் மீனும் மறுநாள் விடிகாலையில் கேரளச் சந்தையில் கண் வெளுக்காமல் இறங்குகிறது. அதே ராத்திரியில் ஒரு சின்னப் பெட்டி மதுரைக்குப் போக முடியாதா? மீனுக்கு வைக்கிற பெட்டியில் இதை வைக்கச் சொல்லவில்லை. தனிப் பெட்டி, மேலே அடையாளம், திரும்பக் கரைக்கு வரவே கூடாது. பெட்டிக்கும் ஐஸுக்கும் ஆகிற காசை நாங்களே போடுவோம். எங்கள் குழுவில் பேசியாயிற்று.

ஆடு வளர்க்கிற அக்கா தங்கச்சிகளுக்கும் ஒரு வார்த்தை. விழுந்த குட்டியையும் கொடியையும் வெறுங்கையால் தொடாதீர்கள். கையுறை இல்லையா, இரண்டு பிளாஸ்டிக் பையையாவது கையில் மாட்டிக்கொள்ளுங்கள். வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருந்தால் அந்தப் பக்கமே விடாதீர்கள். மாதிரி எடுத்தது போக மிச்சத்தை ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். என் அம்மா ஊர் முதுகுளத்தூர் பக்கம். அங்கே பசு ஈன்றால் இளங்கொடியைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவார்கள். பால் வற்றாது என்பது நம்பிக்கை. நாய் நரி இழுத்துவிடக் கூடாது என்ற கவனமும் அதில் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தக் கவனத்தைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் நாள் முடியாமல் கன்று வீசிய மாட்டின் கொடியை மட்டும் மரத்தில் கட்டாதீர்கள், புதைத்துவிடுங்கள்.

மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர்களிடம் ஒரு வேண்டுகோள். எங்கள் கடற்கரை ஊர்களில் இருந்து காய்ச்சல் என்று வருகிறவர்களிடம், "வீட்ல ஆடு இருக்கா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி எனக்கு இரண்டு மாதம் தாமதமாகத்தான் கிடைத்தது.

மற்ற ஆடுகளில் நான்கு இப்போது சினை. மார்கழி நடுவில் ஈனும். வாசல் திண்ணையில் புதிதாக ஒரு தெர்மாகோல் பெட்டி வாங்கி, மேலே சிவப்பு மையால் "மீன் அல்ல" என்று மகளை எழுதச் சொல்லி வைத்திருக்கிறேன். ஐஸ் கம்பெனியிலும் எந்த நேரம் வந்தாலும் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள். எங்கே கொண்டுவந்து கொடுப்பது என்பதை மார்கழிக்கு முன் சம்பந்தப்பட்டவர்கள் உங்கள் பத்திரிகை வழியாகவாவது தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆடு வளர்க்கும் மீன் வியாபாரி,
திருப்பாலைக்குடி, இராமநாதபுரம் மாவட்டம்.