அன்றைக்கு நான் சொன்னது தப்பு

கண்ணு,

போனில் இதை ஆரம்பித்தால் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். அதனால்தான் எழுதுகிறேன்.

கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்தது உனக்குத் தெரியும். தொடக்கத்தை முழுசாகச் சொல்லவில்லை. தீபாவளிக்கு முந்தின வாரம், பாவாடையில் ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு கறை. எனக்கு மாதவிலக்கு நின்று 6 வருஷம். உடம்புச் சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்தேன். விடியுமுன் அலசி, கொடியில் துண்டுக்கு அடியில் காயப்போட்டேன். இப்படியே 3 மாதம். வலி இல்லை, வலித்திருந்தால் உடனே போயிருப்பேன்.

விலக்கு நின்று ஒரு வருஷம் கழித்து ஒரு சொட்டு பட்டாலும் காட்டிவிட வேண்டுமாம். அப்படி வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்குப் புற்றுநோய் இருக்காது என்றார் டாக்டர். நான் அந்தப் பத்தாவது ஆள். ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்சவ்வு 4 மில்லிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை, எனக்கு 14. மெல்லிய குழாயை உள்ளே விட்டுத் துளி சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினார்கள். சுருக்கென்று இழுத்தது, அவ்வளவுதான். "பாப் ஸ்மியர் நார்மல் என்றுதானே வந்தது?" என்று கேட்டேன். அது கர்ப்பப்பை வாய்க்கு. அங்கே புற்றுநோய் வருவது வைரஸால். எனக்கு வந்தது உள்சவ்வில், அதற்குப் பெரும்பாலும் ஹார்மோன் கோளாறுதான் காரணம். இத்தனை வயசுக்கு இந்த வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை பார்.

கர்ப்பப்பை, கருக்குழாய், சினைப்பை எல்லாம் எடுத்தாயிற்று. முதல் நிலைதான்.

சரி, உன் விஷயம். உனக்குப் பிசிஓடி, அதுதான் சினைப்பை நீர்க்கட்டி, என்று டாக்டர் சொன்னபோது, "மூணு மாசம் வரலைன்னா தொல்லை விட்டதுன்னு இரு, கல்யாணமானா சரியாயிடும்" என்றேன். டாக்டர் கொடுத்த மாத்திரையைக் குண்டாகிவிடுவாய் என்று நிறுத்தச் சொன்னதும் நான்தான். கருமுட்டை வராத மாதங்களில் அந்தச் சவ்வு உதிராமல் உள்ளேயே தடித்துக்கொண்டு போகுமாம். அதை உதிர வைக்கத்தான் அந்த மாத்திரை. உனக்கும் இது வந்துவிடும் என்று சொல்லவில்லை. உன் வயசில் அபூர்வம். ஆனால் மாதக்கணக்கில் வராமல் விடக்கூடாது.

டாக்டர் எழுதிக் கொடுத்த உன் பழைய மருந்துச் சீட்டு பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருந்தது. போட்டோ எடுத்து வாட்ஸ்ஆப்பில் போட்டிருக்கிறேன். சனிக்கிழமை அங்கேயே ஒரு டாக்டரைப் பார். அம்மாவுக்கு வந்ததையும் சொல்.

அப்புறம், பருப்புப்பொடி தீர்ந்துவிட்டதா?

அம்மா