வாத்தியக்காரர்களை உட்காரவைத்துப் பேசுங்கள்: பத்தாங் பெர்ஜுந்தை வட்டார ஆலய நிர்வாகக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்களே, செயலாளர்களே, குழு உறுப்பினர்களே, வணக்கம்.

சிலாங்கூரில் இருக்கும் நம் ஊருக்கு இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பெயர். நமக்குள் பேசும்போது இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான் என்பதால் அப்படியே எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றே ஒன்று. திருவிழாவுக்கு வாசிக்க வரும் மூத்த கலைஞர்களை, வாசிப்பு முடிந்த கையோடு பணத்தைக் கொடுத்து வேன் ஏற்றி அனுப்பிவிடாதீர்கள். ஒரு காலைப்பொழுது அவர்களை உட்காரவைத்துப் பேசி, அந்தப் பேச்சைப் பதிவு செய்து வையுங்கள். தவில், நாயனம், உறுமி, பம்பை, தப்பு வாசிப்பவர்கள் எல்லாரும் இதில் சேர்த்தி. தோட்டத்து நாடகங்களுக்கு ஆர்மோனியமும் அக்கார்டியனும் வாசித்தவர்களும் நம் தாமான் குடியிருப்புகளில் ஆங்காங்கே இருக்கிறார்கள். அவர்களையும் விட்டுவிடக் கூடாது.

நான் ஒலிப்பதிவு வேலை செய்கிறவன். ஜாஸ் இசையும், ராகம் தாளம் என்று எந்தச் சட்டத்துக்குள்ளும் அடங்காத சோதனை இசையும் நிறையக் கேட்பேன். அந்த இசைக்காரர்கள் தங்கள் வேலையைப் பற்றிப் பேசியதையும் தேடித் தேடிக் கேட்பேன், படிப்பேன். அந்தப் பழக்கத்தில் எழுந்த எண்ணம்தான் இது.

நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் படி போல்டன் என்று ஒரு கார்னெட் (டிரம்பெட் போன்ற ஊதுகருவி) கலைஞர் இருந்தார். ஜாஸ் அவர் கையில்தான் பிறந்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. 1907-இல் மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர், வெளியே வராமல் 1931-இல் இறந்தார். அவர் வாசித்த ஒரு நொடிகூட ஒலிப்பதிவாக நம்மிடம் இல்லை. அவர் வாசிப்பு எப்படி இருந்தது என்பது, அவரைக் கேட்டிருந்த மற்ற இசைக்காரர்கள் பிற்காலத்தில் வாய்விட்டுச் சொன்னதால்தான் தெரிகிறது. அதே ஊர்க்காரரான ஜெல்லி ரோல் மார்ட்டனுக்கு வேறு கொடுப்பினை. 1938-இல் ஆலன் லோமாக்ஸ் என்ற இளைஞர் அவரை வாஷிங்டனில் நாடாளுமன்ற நூலகத்துப் பியானோ முன் உட்காரவைத்துப் பேசச் சொன்னார். மார்ட்டன் வாசித்துக்கொண்டே பேசினார், பேசிக்கொண்டே வாசித்தார். மூன்றே வருடத்தில், 1941-இல், மார்ட்டனும் போய்விட்டார். 1958-இல் அந்த நகரத்துப் பல்கலைக்கழகமான துலேன், மிச்சமிருந்த பழைய இசைக்காரர்களை வரிசையாகத் தேடிப்போய்ப் பேச்சுகளைப் பதிவு செய்யத் தொடங்கியது.

இவை எல்லாவற்றையும்விட என் மனதுக்கு நெருக்கமானது ஆர்ட் டெய்லர் செய்த வேலை. அவர் ஒரு டிரம்ஸ் கலைஞர். பத்திரிகைக்காரர் அல்ல, பேராசிரியரும் அல்ல. 1960களின் கடைசியிலிருந்து தன்னோடு வாசித்தவர்களையும் தான் மதித்தவர்களையும் உட்காரவைத்துப் பேசினார். மைல்ஸ் டேவிஸ், டிஸ்ஸி கில்லெஸ்பி, நினா சிமோன், மேக்ஸ் ரோச், ஆர்னெட் கோல்மன் என்று பெரிய வரிசை அது. 1977-இல் அதைப் புத்தகமாகவும் போட்டார். வெளியாட்களிடம் அளந்து பேசுகிறவர்கள் டெய்லரிடம் மனம் திறந்தார்கள். காசு, நிறவெறி, உடம்பைப் பார்த்துக்கொள்வது, சாதகம், சக கலைஞன் செத்துப்போனது எல்லாம் பேச்சில் வந்தன. கேட்டவர் தங்களில் ஒருவர் என்பதுதான் காரணம். சிக்காகோவில் 1965-இல் கறுப்பின இசைக்காரர்கள் தாங்களே சேர்ந்து ஏஏசிஎம் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். அதன் வரலாற்றை 2008-இல் எழுதியவரும் அந்தச் சங்கத்து டிராம்போன் கலைஞர்தான், ஜார்ஜ் லூயிஸ்.

ஆகவே நம் ஊரிலும் கேள்வி கேட்க வேண்டியவர் வாத்தியம் தெரிந்தவராக இருக்க வேண்டும். இப்போது உறுமி மேளக் குழுக்களில் இருக்கும் பையன்கள்தான் இதற்குப் பொருத்தமானவர்கள். அவர்களைக் கலாட்டாக்காரர்கள் என்று பேசுகிறவர்கள் உங்கள் கூட்டங்களில் உண்டு. அந்தப் பையன்களைப் பெரியவர்கள் முன்னால் உட்காரவைத்துப் பாருங்கள்.

என்ன கேட்பது? திருவிழா மலரில் வரும் கேள்விகள் வேண்டாம். எந்தக் குருவிடம் கற்றீர்கள், எத்தனை மேடை ஏறினீர்கள், என்ன விருது வாங்கினீர்கள் என்றால் பதில் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். 1954-இல் சார்லி பார்க்கரிடம் இன்னொரு சாக்ஸபோன் கலைஞரான பால் டெஸ்மண்ட் வானொலிக்காகப் பேசினார். இவ்வளவு வேகம் எங்கிருந்து வந்தது என்கிற மாதிரி அவர் கேட்கப் போய், மூன்று நான்கு வருடம் தினமும் 11 மணி முதல் 15 மணி நேரம் வரை வாசித்ததைச் சொன்னார் பார்க்கர். சத்தம் தாங்காத அக்கம்பக்கத்தார், வீட்டைக் காலி பண்ணச் சொல்லப்போவதாக அவர் அம்மாவை மிரட்டினார்களாம். அடுத்த வருடமே பார்க்கர் இறந்துவிட்டார். சாக்ஸபோன் கலைஞர் சன்னி ரோலின்ஸ் 1959 முதல் 1961 வரை நியூயார்க்கில் வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் மேல் போய் நின்று சாதகம் செய்தார். பக்கத்து வீட்டில் ஒரு கர்ப்பிணிப் பெண் இருந்தார், அவருக்குத் தொந்தரவு கொடுக்க இவருக்கு மனமில்லை.

இதைப் படித்தபோது எனக்கு நம் தோட்டத்து லயத்து வீடுகள்தான் நினைவுக்கு வந்தன. ஒரு பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, எழுந்து ஓட வேண்டிய ஆட்கள். அங்கே ராத்திரியில் தவிலை எடுத்தால் என்ன ஆகும்? எங்கள் பகுதித் தவில்காரர் ஒருவரிடம் கேட்டேன். பால்மரக் காட்டுக்குள் போய்விடுவாராம். தவிலைத் தூக்கிக்கொண்டு அல்ல, கழியை மட்டும் எடுத்துக்கொண்டு. பால் வெட்டி முடித்த பழைய மரத்தில் இடது கையால் தட்டுவார், வலது கைவிரல்களைத் தொடையில் ஓட்டுவார், வாயால் சொற்கட்டு சொல்லுவார். இதைச் சொல்லிக்கொண்டே விரல்களில் கூடு மாட்டிக்கொண்டிருந்தார். துணிச்சுற்றில் பசை தோய்த்துக் காயவைத்த கூடு, கல் மாதிரி இறுகியிருந்தது. ஒவ்வொன்றையும் மாட்டி, தரையில் ஒரு தட்டுத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டு, சரியில்லை என்றால் கழற்றித் திருப்பி மாட்டினார். இவ்வளவு காலம் அவரை மேடையில் பார்த்த யாரும் இதைக் கேட்டதே இல்லை என்றார்.

உறுமிக்காரரிடம் கேட்க வேண்டியது இன்னும் நிறைய. வளைந்த குச்சியால் ஒரு பக்கத்துத் தோலை உரசி உறுமலை எழுப்புகிறார், மறுபக்கத்தில் நேர்க்குச்சியால் அடிக்கிறார். அருள் வர வேண்டிய நேரத்தில் வரவில்லை என்றால் என்ன செய்வார்? வந்தவர் தடுமாறினால் அடியை எப்போது தளர்த்துவார், எதைப் பார்த்து? ஆடுகிறவரின் முகத்தையா, காலையா? ஆள் எத்தனை பேர் கூடியிருந்தாலும் அந்த நேரத்தில் முடிவெடுப்பது அவர் ஒருவர்தான். எழுதி வைத்துக்கொண்டு வாசிக்கிற இசையே அல்ல அது. கோலாலம்பூரில் யோங் யாண்ட்சென் போன்ற சாக்ஸபோன் கலைஞர்கள் முன்கூட்டித் திட்டமில்லாமல் அந்தந்த நேரத்தில் உருவாக்கி வாசிக்கிறார்கள். 2010-இல் தொடங்கிய கேஎல்ஈஎக்ஸ் என்ற விழா அப்படிப்பட்ட சோதனை இசைக்கும் படத்துக்கும் மேடை கொடுக்கிறது. அங்கே பேசப்படும் விஷயத்தை, அதாவது அடுத்த கணம் என்ன செய்வது என்று கலைஞன் எப்படித் தீர்மானிக்கிறான் என்பதை, நம் உறுமிக்காரர் வாழ்நாள் முழுக்கச் செய்துவருகிறார்.

கசப்பான கேள்விகளையும் கேட்கத்தான் வேண்டும். கூலி எவ்வளவு கிடைத்தது, யார் ஏமாற்றினார்கள், தப்பு அடித்தவர்களை எந்த இடத்தோடு நிறுத்தினார்கள், சாப்பாடு எங்கே வைத்துப் போட்டார்கள். இதெல்லாம் பதிவில் வந்தால் ஆலயத்துக்குக் கெட்ட பெயர் என்று உங்களில் சிலர் தயங்குவீர்கள். எனக்கும் அது புரிகிறது. ஆனால் இந்தப் பகுதியை வெட்டிவிட்டால் மிச்சம் வெறும் பாராட்டுரை. வெளியிடுவதா வேண்டாமா என்பதைச் சொன்னவரே முடிவு செய்யட்டும், பதிவு மட்டும் முழுதாக இருக்கட்டும். முன்பு ஒரு திருவிழாவில் இந்த யோசனையை நான் சொன்னபோது, அந்த ஆளுங்களுக்கு அடிக்கத் தெரியும், பேச என்ன தெரியும் என்று ஒருவர் கேட்டார். கேள்வி சரியாக இருந்தால் பேசுவார்கள் ஐயா. மணிக்கணக்காகப் பேசுவார்கள்.

நம் வட்டாரம் ஆவணத்துக்குப் புதிது அல்ல. 1917-இல் தென்னமாரம் தோட்டத்தில்தான் இந்த நாட்டில் முதன்முதலாக வணிகத்துக்காகச் செம்பனை நட்டார்கள். நட்டவர் ஆன்றி ஃபோக்கொனியே என்ற பிரெஞ்சுக்காரர். மலாயாத் தோட்ட வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய நாவலுக்கு 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. துரை பார்த்த தோட்டம் புத்தகமாக இருக்கிறது. அதே தோட்டங்களின் கோயில்களில் ராத்திரி முழுக்க அடித்தவர்கள் சொல்ல வேண்டியது ஒரு பக்கம்கூட இல்லை. தோட்டங்கள் கைமாறின, லயங்கள் இடிந்தன, கோயில்கள் இடம் பெயர்ந்தன, ஆட்கள் தாமான்களுக்குச் சிதறிப்போனார்கள். அவர்கள் முகவரி யாரிடம் இருக்கிறது? உங்களிடம்தான். ஆண்டாண்டாக அவர்களை அழைத்தவர்கள் நீங்கள். நீங்கள் கூப்பிட்டால் வருவார்கள், நான் கூப்பிட்டால் யார் என்று கேட்பார்கள். இதனால்தான் எந்த இலாகாவுக்கும் எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். பினாங்கில் பால் அகஸ்டினும் ஜேம்ஸ் லாக்ஹெட்டும் அந்தத் தீவின் பழைய இசைக்காரர்களின் கதைகளைத் திரட்டிப் புத்தகமாக்கியிருக்கிறார்கள். மலேசியாவில் நடக்காத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது.

செலவு பெரிதாக ஆகாது. ஆலய மண்டபத்தில் காலை நேரம் போதும். காற்றாடியை நிறுத்திவிட வேண்டும், அதன் இரைச்சல் பேச்சைத் தின்றுவிடும். கைப்பேசியில் பதிவதென்றால் மேசையில் மடித்த துண்டின் மேல் வைத்துப் பதியலாம். புலனத்தில் (வாட்ஸ்அப்) குரல் செய்தியாக மட்டும் பதிய வேண்டாம், ஒலி நெரிந்துபோகும். வாத்தியம் அவர் மடியிலேயே இருக்கட்டும், வாயால் விளக்க முடியாததைக் கை காட்டிவிடும். யுனிசெல் பல்கலைக்கழக வளாகம் நம் ஊரில்தான் இருக்கிறது. எழுத்தில் பெயர்த்துக் கொடுக்க அங்கே படிக்கும் நம் பிள்ளைகளைக் கேட்கலாம். பதிவின் ஒரு படி கலைஞரின் குடும்பத்துக்கு, ஒரு படி ஆலயத்துக்கு, ஒரு படி தமிழ்ப்பள்ளி நூலகத்துக்கு.

இன்னொன்று. வந்து பேசுகிறவருக்குப் பணம் கொடுக்க வேண்டும். சால்வையோடு நிறுத்தாதீர்கள். ஒரு ராத்திரி வாசிப்புக்கு என்ன கொடுக்கிறீர்களோ அதே தொகையைப் பேச்சுக்கும் கொடுங்கள்.

அடுத்த திருவிழாவுக்குக் கூட்டம் போடும்போது இதையும் ஒரு பொருளாகச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். எந்த ஆலயம் முதலில் ஒத்துக்கொள்கிறதோ அங்கே ஒலிவாங்கிகளோடும் பதிவுக் கருவியோடும் நான் வருகிறேன், என் வேலைக்குக் கூலி வேண்டாம். முதலில் கூப்பிட வேண்டியது வயதில் மூத்தவர்களை. பட்டியலை நீங்கள் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வட்டாரத்து ஒலிப்பதிவாளர் ஒருவர்