பத்மினியை முழுசாக எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். ஞாயிறு பதிப்பில் வந்த நடிகை பத்மினி பற்றிய கட்டுரை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பாதிக்கு மேல் சிவாஜி புராணம். திருவிடைமருதூர் மகாலிங்கம் பிள்ளையிடம் பரதம் பயின்றவர், 1948இல் நடனக் கலைஞர் உதயசங்கரின் 'கல்பனா' படத்தில் ஆடியவர், சரி, அதை விட்டதுகூடப் போகட்டும். 1958இல் 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' படத்தில் வைஜயந்திமாலாவோடு மோதினாரே, ஒருவர் ஆட மற்றவர் போட்டிக்கு இறங்க, பி.எஸ். வீரப்பா "சபாஷ், சரியான போட்டி" என்பாரே, கடைசியில் இருவருமாகச் சுழல்வார்களே, அதற்கு ஒரு வரிகூட இல்லை! அப்புறம், அமெரிக்காவில் குடியேறினார் என்பதோடு கட்டுரையும் முடிந்துவிட்டது. நியூ ஜெர்சியில் நடனப் பள்ளி வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாரே, பரதம் படிக்கும் எங்கள் பினாங்குப் பிள்ளைகளுக்கு வேண்டியது அந்தக் கதைதான். அடுத்த வாரமாவது போடுங்கள், ஐயா.

வாசகி, ஜார்ஜ்டவுன், பினாங்கு