டோப்காபி அரண்மனைக்கு டிராமில் போகும் வழி: வேலூருக்கு ஒரு கடிதம்

பெண்டிக், இஸ்தான்புல்

அன்புள்ள சித்தப்பா, சித்தி இருவருக்கும்,

இங்கு நான் நலம். அங்கு உங்கள் நலமறிய ஆவல். நீங்கள் வரும் கப்பல் இஸ்தான்புல்லில் ஒரு பகல் நிற்கும் என்று பெரியவன் சொன்னான். வார நாளாக இருந்தால் நான் துஸ்லாவில் தோல் பதனிடும் வேலையை விட்டு வர முடியாது. அதற்காகக் கப்பல் கம்பெனியின் சுற்றுலா பஸ்ஸுக்குப் பணம் கட்டாதீர்கள். துறைமுகத்திலிருந்து துருக்கி சுல்தான்களின் பழைய அரண்மனையான டோப்காபி மூன்று கிலோமீட்டருக்குள்தான். காட்பாடி ஜங்ஷனில் இறங்கிக் கோட்டைக்கு வருகிற தூரத்தில் பாதிகூட இல்லை. டிராமிலேயே போகலாம்.

முதலில் விசா. அரைநாள் இறங்குவதற்கு இந்திய பாஸ்போர்ட்டுக்கு என்ன வேண்டும் என்று கப்பல் கம்பெனியிடம் எழுத்திலேயே கேட்டு வாங்கி வையுங்கள். ஏஜெண்ட் வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்ப வேண்டாம்.

அடுத்தது கிழமை. டோப்காபி அரண்மனைக்குச் செவ்வாய் விடுமுறை. அன்றைக்குக் கப்பல் வந்தால் டோல்மாபாஹ்சே அரண்மனைக்குப் போங்கள். அதற்கு விடுமுறை திங்கள்.

கப்பல் நிற்கும் இடத்தின் பெயர் கலாட்டாபோர்ட். 2021-ல் திறந்தார்கள். பாஸ்போர்ட், சுங்கம் எல்லாமே தரைக்கு அடியில். கப்பல் வந்ததும் கரையோர நடைபாதையில் பதித்திருக்கும் பலகைகள் எழும்பி வேலியாக நின்றுவிடும்; கப்பல் போனதும் படுத்துவிடும், ஊர்க்காரர்கள் அதன்மேல் நடப்பார்கள். நீங்கள் கீழே போய், சோதனை முடிந்து, கடைகளுக்கு நடுவே மேலே வருவீர்கள். கரை ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம், கப்பல் எந்த முனையில் நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. வெளியே வந்ததும் கடலுக்கு முதுகைக் காட்டி, இரட்டை மினார் உள்ள நுஸ்ரெதியே மசூதியைத் தேடுங்கள். அதை ஒட்டிய பெரிய சாலையின் நடுவில் டிராம் ஓடும். அங்கேயுள்ள நிறுத்தம் டோப்ஹானே. கப்பல் கலாட்டா பாலத்துப் பக்கமாக நின்றிருந்தால் காராகோய் நிறுத்தம் கிட்ட இருக்கும். எதில் ஏறினாலும் ஒன்றுதான்.

வாசலில் மஞ்சள் டாக்சிக்காரர்கள் கூப்பிடுவார்கள். கப்பல் பயணி என்றால் பல பேர் மீட்டர் போட மாட்டார்கள். பாலத்தைத் தாண்டினால் நெரிசலும் சேர்ந்துகொள்ளும். டிராமுக்குத் தனிப் பாதை, அது நிற்காது.

ஏறுவதற்கு முன் இஸ்தான்புல்கார்ட் என்ற பயணக் கட்டண அட்டை வாங்க வேண்டும். நிறுத்தத்திலேயே மஞ்சள் நிற இயந்திரம் இருக்கும், திரையில் மொழியை மாற்றிக்கொள்ளலாம். போடுகிற நோட்டுக்கு மீதி வராது, கார்டு விலை போக மிச்சம் முழுவதும் கார்டில் ஏறிவிடும். அதனால் பெரிய நோட்டைக் கையில் எடுக்காதீர்கள். இருவருக்கும் ஒரே கார்டு போதும்: தடுப்பு வாசலில் சித்தி போவதற்கு ஒரு தடவை, உங்களுக்கு ஒரு தடவை என்று காட்டுங்கள். கார்டு விலை போக நான்கு பேரின் கட்டணத்துக்குச் சமமான தொகை போட்டால் திரும்பி வரவும் சேர்த்து சரியாக இருக்கும், கொஞ்சம் கூடவே போடுங்கள். எவ்வளவு என்று எழுதவில்லை. இந்த ஊரில் விலைவாசி ஏறுகிற வேகத்துக்கு நான் எழுதும் தொகை நீங்கள் வருவதற்குள் பழசாகிவிடும். பாங்க் கார்டை நேரே காட்டியும் பல தடுப்புகளில் போகலாம், ஆனால் நம்மூர் கார்டு மக்கர் செய்தால் பின்னால் நிற்கிற கூட்டம் முணுமுணுக்கும்.

லைன் பெயர் டி1. பாஜிலார் என்று பலகை போட்ட மேடைதான் உங்களுடையது, எதிர்த்த மேடை கபாதாஷ் போவது. மேடைக்கு மேடை தனித்தனித் தடுப்பு, தப்பான பக்கம் நுழைந்தால் மறுபடியும் காசு போகும். டோப்ஹானேயிலிருந்து காராகோய், எமினோனு, சிர்கெஜி, குல்ஹானே, சுல்தானஹ்மெத் என்று ஐந்தாவது நிறுத்தம். கால் மணி நேரத்துக்குள் போய்விடும். காராகோய் தாண்டியதும் கலாட்டா பாலம். இரண்டு பக்கமும் தூண்டில்காரர்கள் வரிசை கட்டி நிற்பார்கள்.

இனிச் சொல்வதை இரண்டு தடவை படியுங்கள். டிராமுக்குள் ஒட்டியிருக்கும் வரைபடத்தில் 'டோப்காபி' என்றே ஒரு நிறுத்தம் உண்டு. அது அரண்மனை இல்லை! சுல்தானஹ்மெத்துக்கு அப்பால் பத்து நிறுத்தம் தள்ளி, பழைய நகரச் சுவரோரம் இருக்கிறது. பேரைப் பார்த்து அங்கே போய் இறங்குகிற வெளியூர்க்காரர்கள் இன்றும் உண்டு. போய் வருவதிலேயே முக்கால் மணி வீண்.

குல்ஹானேயில் இறங்கினாலும் அரண்மனை பக்கம்தான், ஆனால் கருங்கல் பாவிய மேட்டில் ஏற வேண்டும். சித்தியின் முழங்காலுக்கு அது ஆகாது. போகும்போது சுல்தானஹ்மெத்தில் இறங்கி, அயா சோபியா மசூதியின் பின்பக்கமாக ஏறக்குறையச் சமதளத்திலேயே நடந்துவிடுங்கள். அதன் பின்னால் 1728-ல் மூன்றாம் அஹ்மெத் கட்டிய நீரூற்று மண்டபமும், அதற்கு எதிரில் அரண்மனையின் வெளிவாசலும் தெரியும். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக் கூட்டம் அந்தச் சதுக்கத்தை அடைத்துக்கொள்ளும், காலையிலேயே தாண்டிவிடுங்கள்.

சதுக்கத்தில் ஒரு ஷூ பாலிஷ்காரர் உங்கள் முன்னால் போகும்போது பிரஷ் கீழே விழும். எடுத்துக் கொடுத்தால் நன்றிக்காக ஷூவைத் துடைக்க உட்காருவார், முடிந்ததும் பெரிய தொகை கேட்பார். ஆயுசு முழுக்கத் தோலோடு இருந்த உங்களுக்கு அந்தப் பாலிஷின் லட்சணம் பார்த்ததுமே தெரிந்துவிடும். பிரஷ் கிடக்கட்டும், நடந்துகொண்டே இருங்கள். கம்பளக் கடைக்கு 'சும்மா டீ சாப்பிட' அழைப்பவர்களிடமும் அப்படியே.

வெளிவாசலுக்கு டிக்கெட் இல்லை. முதல் முற்றத்தைக் கடந்தால் கூம்புக் கோபுரம் இரண்டு உள்ள வாசல். டிக்கெட் கவுண்டர் அதன் அருகில். ஹரேமும் (சுல்தான் வீட்டுப் பெண்கள் இருந்த பகுதி) சேர்ந்த டிக்கெட்டாகக் கேட்டு வாங்குங்கள். ஒன்பது மணிக்குத் திறப்பார்கள், பத்தரைக்கு மேல் பஸ் கூட்டங்கள் இறங்கும். உள்ளே போனதும் மற்றவர்களைப் போல நேராக வைரம் பார்க்க ஓடாமல், இரண்டாம் முற்றத்தில் இடது கைப்பக்கம் ஹரேமுக்குள் முதலில் போய்விடுங்கள். குறுகலான வழி, கூட்டம் சேர்ந்தால் நகராது. படிகளும் உண்டு, ஒரு மணி நேரம் பிடிக்கும்.

அதே முற்றத்தின் வலப்பக்கம் சமையற்கூடங்கள், மேலே புகைபோக்கி வரிசை. 1574 தீ விபத்துக்குப் பிறகு சினான் என்ற கட்டடக் கலைஞர் திரும்பக் கட்டியவை. தினமும் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சமைத்த இடம். அரண்மனையிலுள்ள சீனப் பீங்கான் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல். சித்தி இங்கிருந்து கிளம்ப மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

மூன்றாம் முற்றத்தில் நுழைந்ததும் எதிரில் இருப்பது வெளிநாட்டுத் தூதர்களை சுல்தான் சந்தித்த மண்டபம். 1786-ல் புறப்பட்ட திப்பு சுல்தானின் தூதுக்குழு மறுவருஷம் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தது. அப்போது சுல்தானாக இருந்தவர் முதலாம் அப்துல் ஹமீது. கேட்டு வந்த படை உதவி கிடைக்கவில்லை. 1799-க்குப் பிறகு திப்புவின் பிள்ளைகளை நம் வேலூர்க் கோட்டைக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். இங்கே எந்தப் பலகையும் இதைச் சொல்லாது. 86 காரட் வைரம் கருவூலத்தில். அங்கேயும் புனிதப் பொருட்கள் அறையிலும் படம் எடுக்கக் கூடாது.

திரும்பும்போது வெளிவாசலைத் தாண்டி உடனே வலப்பக்கம், மதிலை ஒட்டி இறங்கும் சந்தில் போங்கள். நேராக குல்ஹானே நிறுத்தத்தில் விடும். மெதுவாக, கல் வழுக்கும். வண்டி முகப்பில் கபாதாஷ் என்று இருக்க வேண்டும். எமினோனுவோடு நின்றுவிடும் வண்டியில் ஏறிவிட்டால் இறங்கி அடுத்ததைப் பிடிக்கலாம். சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை சிர்கெஜியில் நெருக்கித் தள்ளுவார்கள், பர்ஸ் முன்பாக்கெட்டில். டிராம் ஏதாவது காரணத்தால் நின்றுபோனால் பயப்படாதீர்கள். தண்டவாளத்தையே பிடித்து எமினோனு இறங்கிப் பாலத்தைக் கடந்தால் முக்கால் மணியில் கப்பல்.

டோல்மாபாஹ்சே என்றால் டோப்ஹானேயில் எதிர்மேடையில் ஏறி இரண்டாவது நிறுத்தம், கபாதாஷ். அங்கிருந்து கடலோரமாகப் பத்து நிமிஷம் நடை. 1856-ல் சுல்தான் டோப்காபியை விட்டு அங்கேதான் குடிபோனார். துருக்கிக் குடியரசை நிறுவிய அதாதுர்க் 1938 நவம்பர் 10-ல் இறந்த அறையும் அதில்.

கடிகாரத்தைப் பற்றி ஒன்று. துருக்கியில் வருஷம் முழுக்க ஒரே நேரம். கிரீஸ் வழியாக வரும் கப்பல் அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் கடைசிவரை ஊர் நேரத்துக்கு ஒரு மணி பின்னால் இருக்கலாம். போனில் தானாக மாறும் நேரம் வேறு, கப்பல் நேரம் வேறு. இறங்கும்போது வாசலில் எழுதியிருக்கும் கடைசி நேரத்தைப் போட்டோ எடுத்து, அதற்கு ஒன்றரை மணி முன்னதாகவே துறைமுகத்துக்கு வந்துவிடுங்கள். திரும்பவும் பாஸ்போர்ட், பை சோதனை எல்லாம் உண்டு.

கப்பல் வரும் தேதி, கிழமை தெரிந்ததும் வாட்ஸ்அப்பில் போடுங்கள். ஞாயிறாக அமைந்தால் நான் மர்மராய் ரயிலில் கடலுக்கடியே சிர்கெஜி வந்து அங்கிருந்து டோப்ஹானே நிறுத்தத்துக்கு வந்துவிடுவேன், கார்டு வாங்கும் வேலையும் மிச்சம்.

மற்றவை உங்கள் பதில் கண்டு.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்